ஏர் டிராக் மோதல் சோதனை: மீட்சி மோதலில்தான் உந்தம் அதிகம் குறைகிறது, ஏன்?

முதல்பருவம்:

வணக்கம். பி.எஸ்சி. முதல் பருவச் செய்முறையில் ஏர் டிராக் (துளைகள் வழியே வரும் காற்று வண்டியைத் தூக்கிப் பிடிப்பதால் உராய்வு மிகக் குறைந்த தண்டவாளம்) வைத்து உந்த அழிவின்மையைச் சரிபார்க்க வேண்டும். 2 மீட்டர் டிராக், இரண்டு ஃபோட்டோகேட் (வண்டியின் மேலுள்ள அட்டை ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தை அளப்பவை), இடைவெளி 70 செ.மீ. இடப்பக்கம் கேட் 1, வலப்பக்கம் கேட் 2. அட்டை, பம்பர் எல்லாம் சேர்த்து வண்டி ‘அ’ 206.4 கிராம், வண்டி ‘ஆ’ 204.8 கிராம். இரண்டிலும் அட்டையின் அகலம் 10 செ.மீ. என்று எடுத்துக்கொண்டேன். டைமர் 1 மில்லிவினாடி வரை காட்டும். கீழே உந்தம் எல்லாம் கிராம் செ.மீ./வி அலகில்.

முதல் ஓட்டம், ரப்பர் பேண்ட் பம்பர், ஆ நிலையாக நிற்கிறது. அ கேட் 1-ஐக் கடக்க 0.182 வினாடி, அதாவது 54.9 செ.மீ./வி. மோதியதும் அ நின்றுவிட்டது. ஆ கேட் 2-ஐ 0.193 வினாடியில் கடந்தது, 51.8 செ.மீ./வி. முன் உந்தம் 11331, பின் 10609. 6.4% குறைவு.

இரண்டாவது ஓட்டம், ஒரு வண்டியில் ஊசி, மற்றதில் மெழுகு அடைத்த குழாய். அ 0.176 வினாடி (56.8 செ.மீ./வி). ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து ஓடின. ஆ-வின் அட்டை கேட் 2-ல் 0.368 வினாடி (27.2 செ.மீ./வி). முன் 11724, பின் 11185. 4.6% குறைவு. இயக்க ஆற்றல் 33.3 மில்லிஜூலிலிருந்து 15.2 ஆகிவிட்டது.

மூன்றாவது, ரப்பர் பம்பரோடு எதிரெதிரே. முன்: அ வலப்பக்கம் 50.0, ஆ இடப்பக்கம் 40.0. பின்: ஆ வலப்பக்கம் 47.2, அ இடப்பக்கம் 38.2. குறி போட்டுக் கூட்டினால் முன் 2128, பின் 1782. 16% வித்தியாசம்!

இயக்க ஆற்றல் வீணாகாத மீட்சி மோதல்தானே ‘நல்ல’ மோதல், அதில் ஏன் உந்தம் அதிகம் குறைகிறது? மூன்றாவது ஓட்டத்தை ரெக்கார்டில் எழுதலாமா, விட்டுவிடலாமா? இன்னொன்று: உந்தம் அப்படியே இருக்க, ஆற்றல் மட்டும் எப்படிப் பாதிக்கு மேல் காணாமல் போகிறது?

---

மட்டப்பலகை:

மூன்றாவது ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள். மற்ற இரண்டையும் விளக்கும் சாவி அதில்தான் இருக்கிறது.

வண்டிகள் நெருங்கிய சார்புத் திசைவேகம் 50.0 + 40.0 = 90.0. விலகியது 47.2 + 38.2 = 85.4. தகவு 0.95. இதுதான் உங்கள் ரப்பர் பம்பரின் மீட்சியளிப்பு குணகம். 1 இல்லை. ஆகவே முதல் ஓட்டத்தில் அ அப்படியே நின்றிருக்க முடியாது. அ-வின் நிறையிலிருந்து 0.95 மடங்கு ஆ-வின் நிறையைக் கழித்து, மொத்த நிறையால் வகுத்து, முன் வேகத்தால் பெருக்குங்கள்: (206.4 − 194.6) ÷ 411.2 × 54.9 = 1.6 செ.மீ./வி. கண்ணுக்கு நின்றதுபோல் இருக்கும், ஆனால் முன்னோக்கி ஊர்ந்திருக்கும். அதன் உந்தம் 330. அதைச் சேர்த்தால் பின் உந்தம் 10939, குறைவு 3.5% மட்டுமே. இப்போது வரிசை தலைகீழாகிவிட்டது பாருங்கள். ஒட்டிக்கொண்ட மோதலில்தான் (4.6%) அதிகம் குறைந்திருக்கிறது. ஏன் என்பது கீழே வரும் சோதனையில் தெரியும்.

மூன்றாவதில் 16% என்பது எதை எதால் வகுத்தது என்பதைப் பொறுத்த மிரட்டல். 10320-லிருந்து 8192-ஐக் கழித்து வந்த சிறிய எண் அந்த 2128. இரு பெரிய எண்களிலும் இருக்கும் பிழை கழித்தாலும் போகாது. கழித்து வந்த எண் சுருங்குவதால் சதவீதம் ஊதிப் பெருகும். இரண்டின் வேகமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்திருந்தால் 300% என்றுகூட வரும். வித்தியாசம் 346; அதை 10320 + 8192 = 18512 என்ற கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். 1.9%. ரெக்கார்டில் இரண்டையும் எழுதி, எந்த அடிப்படையில் சதவீதம் எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

மிச்சமிருக்கும் 3, 4 சதவீதத்துக்கு மோதலே இல்லாமல் சோதியுங்கள். ஆ-வை டிராக்கிலிருந்து எடுத்துவிட்டு அ-வை மட்டும் தனியாக இரண்டு கேட் வழியாகவும் விடுங்கள். இடமிருந்து வலம் ஒன்று, வலமிருந்து இடம் ஒன்று, இரண்டும் சுமார் 55 செ.மீ./வி. பிறகு அதே ஜோடியை 25 செ.மீ./வி அளவில் மெதுவாக. மூன்று குற்றவாளிகளும் மூன்று விதமாகத் தடயம் விடும்:

காற்றுப்படலத்தின் பாகுநிலை இழுவை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 70 செ.மீ. கடப்பதற்குள் குறையும் வேகம் எந்த வேகத்தில் விட்டாலும் அதே அளவு. இரு திசையிலும் குறைக்கும். டிராக் சாய்ந்திருந்தால் ஒரு திசையில் குறைக்கும், மறு திசையில் கூட்டும், அதுவும் வண்டி மெதுவாகப் போனால் அதிகமாக. வேகம் பாதியானால் வித்தியாசம் இரட்டிப்பு. இரு கேட்டுகளும் ஒரே அட்டைக்கு வெவ்வேறு நேரம் காட்டினால், அந்தச் சதவீதம் வேகத்தைப் பொறுத்து மாறவே மாறாது.

அட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளப்பது போதாது. அகச்சிவப்புக் கற்றைக்கு ஒரு தடிமன் உண்டு, அட்டை சற்றுத் திருகியிருந்தாலும் அளவு மாறும். புளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்து வண்டியைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். கேட்டின் விளக்கு எரியத் தொடங்கும் இடத்தையும் அணையும் இடத்தையும் டிராக் ஸ்கேலில் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உண்மையான அகலம். அ, ஆ இரண்டுக்கும், எந்த வண்டி எந்தக் கேட்டில் அளக்கப்பட்டதோ அந்தக் கேட்டிலேயே செய்யுங்கள்.

வேகம் 60 செ.மீ./விக்கு மேல் போக வேண்டாம். மோதும்போது ‘டக்’ என்ற சுத்தமான ஒலிக்குப் பதில் ‘கடகட’ என்று கேட்டால் வண்டி மூக்கைத் தூக்கி டிராக்கில் உரசியிருக்கிறது என்று பொருள். அந்த உராய்வு புறவிசை, அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஊசி மெழுகின் நடுவில் குத்தாமல் குழாயின் விளிம்பில் பட்டாலும் இதே கதைதான். அ-வின் அட்டை கேட் 1-ஐ முழுதாகக் கடந்த பிறகே மோதல் நடக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

---

நிறைமையம்:

ஆற்றல் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

மோதும் நேரத்தில் இரு வண்டிகளும் ஒன்றையொன்று தள்ளும் விசைகள் சமம், எதிரெதிர். அவை செயல்படும் *நேரமும்* இரண்டுக்கும் ஒன்றே. விசை × நேரம்தான் கணத்தாக்கு. ஆகவே ஒன்று இழந்த உந்தம் முழுவதையும் மற்றது பெற்றே தீரும்; ரப்பரா, மெழுகா என்பது இங்கே பொருட்டே இல்லை. ஆனால் இயக்க ஆற்றல் மாறுவது விசை × *தூரத்தால்*. மெழுகு நசுங்கும்போது பின்னால் வரும் அ அதிக தூரமும், முன்னால் உள்ள ஆ குறைந்த தூரமும் நகர்கின்றன. அந்த வித்தியாசம்தான் ஊசி மெழுகுக்குள் இறங்கிய ஆழம். அ இழந்த ஆற்றலும் ஆ பெற்ற ஆற்றலும் சமமாக எந்தக் காரணமும் இல்லை. இடையில் உள்ளது மெழுகை உருமாற்றச் செலவானது. ரப்பர் பேண்டிலும் இதே கழிவு முதலில் நடக்கிறது, பிறகு விரியும்போது பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

எவ்வளவு இழக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. மொத்த இயக்க ஆற்றலை இரண்டாகப் பிரியுங்கள்: நிறை மையம் நகர்வதால் உள்ள பங்கு, வண்டிகள் ஒன்றையொன்று சார்ந்து நகர்வதால் உள்ள பங்கு. உந்தம் மாறாததால் நிறை மையத்தின் திசைவேகம் மாறாது, முதல் பங்கை எந்த மோதலாலும் தொட முடியாது. எல்லா விளையாட்டும் இரண்டாவது பங்கில்தான். மீட்சியளிப்பு குணகத்தின் வர்க்கம் எவ்வளவோ அந்தப் பின்னம் மிஞ்சும். ஒட்டிக்கொண்டால் குணகம் 0, இரண்டாவது பங்கு முழுக்கப் போய்விடும். அதனால்தான் ‘முழு மீட்சியற்ற’ மோதல் என்கிறோம். முழு ஆற்றலும் போய்விட்டது என்று பொருளல்ல. வைவாவில் பலர் இங்கே தடுமாறுவார்கள்.

உங்கள் எண்களில்: ஆ நிலையாக இருந்ததால் மிஞ்ச வேண்டிய பின்னம் 206.4 ÷ 411.2 = 0.502. இழப்பு 49.8% இருக்க வேண்டும், உங்களுக்கு 54% வந்திருக்கிறது. அதிகப்படியான 4 சதவீதத்துக்கும் மோதலுக்கும் சம்பந்தம் இல்லை. உந்தம் 0.954 மடங்கானது என்றால் ஆற்றல் அதன் வர்க்கமாகக் குறையும்: 0.954 × 0.954 × 0.502 = 0.457. உங்கள் 15.2 ÷ 33.3-ம் அதுவே. மட்டப்பலகை சொன்ன பிழைகளைத் திருத்தினால் இதுவும் தானாகச் சரியாகும்.

முதல் ஓட்டத்தையும் ‘மீட்சி மோதல்’ என்று தலைப்பிடாதீர்கள். குணகம் 0.95 என்றால் சார்பு இயக்கப் பங்கில் 0.90 மிஞ்சுகிறது, அந்தப் பங்கு மொத்தத்தில் பாதி என்பதால் சுமார் 5% இயக்க ஆற்றல் இழப்பு. பகுதி மீட்சி மோதல் என்று எழுதுவதே சரி. காந்த பம்பர் இருந்தால் 1-க்கு இன்னும் நெருங்கலாம், காந்தங்கள் ஒன்றையொன்று தொடாத அளவு மெதுவாக விட்டால்.

போன ஆற்றலால் மெழுகு சூடாகியிருக்குமே என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். 17 மில்லிஜூல் முழுவதும் 1 கிராம் மெழுகில் இறங்கினாலும் வெப்பநிலை நூறில் ஒரு டிகிரிகூட ஏறாது.

குணகம் 1-க்கு மேலும் போகலாம். இரு வண்டிகளுக்கு நடுவே சுருள்வில்லை அழுத்தி நூலால் கட்டி, நூலைத் தீயால் எரித்து விடுவிப்பதும் இதே கணக்குதான். உந்தம் பூச்சியமாகவே இருக்க, இயக்க ஆற்றல் வில்லிலிருந்து வருகிறது.

---

முதல்பருவம்:

இருவருக்கும் நன்றி சார். ஆ-வை எடுத்துவிட்டு அ-வைத் தனியாக விட்டதில் கிடைத்தவை:

வேகமாக, இடமிருந்து வலம்: கேட் 1-ல் 0.180, கேட் 2-ல் 0.184.
வேகமாக, வலமிருந்து இடம்: கேட் 2-ல் 0.180, கேட் 1-ல் 0.181.
மெதுவாக, இடமிருந்து வலம்: 0.400, பிறகு 0.430.
மெதுவாக, வலமிருந்து இடம்: 0.400, பிறகு 0.396.

விளக்கு எரிந்து அணையும் தூரம்: அ கேட் 1-ல் 10.0, ஆ கேட் 2-ல் 10.2 செ.மீ. மோதும் இடத்துக்கு முன் அ-வின் அட்டை கேட் 1-லிருந்து 25 செ.மீ., மோதிய பின் ஆ-வின் அட்டை கேட் 2-க்கு 30 செ.மீ.

இதை எப்படிப் பயன்படுத்துவது? அடுத்த வாரம் பாலிஸ்டிக் ஊசல் (பாய்ந்து வரும் குண்டைப் பிடித்துக்கொண்டு ஊசல் எழும் கோணத்திலிருந்து குண்டின் வேகத்தைக் காணும் சோதனை). அதில் எங்கே உந்தம், எங்கே ஆற்றல் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

---

மட்டப்பலகை:

அருமையான அளவீடு தம்பி, இனி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

வேகமான ஜோடி: வலப்பக்கம் போகையில் 55.6-லிருந்து 54.3, குறைவு 1.2. இடப்பக்கம் வருகையில் குறைவு 0.3. சராசரி 0.76, வித்தியாசத்தில் பாதி 0.45. மெதுவான ஜோடி: வலப்பக்கம் குறைவு 1.74, இடப்பக்கம் 0.25 *கூடுதல்*. சராசரி 0.75, பாதி வித்தியாசம் 1.0.

சராசரி இரண்டு வேகத்திலும் 0.75 என்று மாறாமல் நிற்கிறது. இது காற்று இழுவை. பாதி வித்தியாசமோ வேகம் 55-லிருந்து 25-க்கு இறங்கியபோது 0.45-லிருந்து 1.0-க்கு ஏறியிருக்கிறது. 55 × 0.45, 25 × 1.0 இரண்டும் சுமார் 25. சாய்வின் கைரேகை. அந்த 25-ஐ 70 செ.மீ.யால் வகுத்தால் முடுக்கம் 0.35 செ.மீ./வி², 980-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 0.36 மி.மீ. ஏற்றம். உங்கள் வலக்கோடி உயர்ந்திருக்கிறது. தாங்குகால்களுக்கு நடுவே 1.5 மீட்டர் என்றால், வலக்காலை அரை மி.மீ.க்குச் சற்று மேல் இறக்க வேண்டும். கால் திருகு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும் என்றால் அரைச் சுற்று. சாதாரண மட்டக்குழாயில் இது தெரியவே தெரியாது. ஓடவிட்டுப் பார்ப்பதுதான் வழி.

முதல் ஓட்டத்தில் அ ‘நின்றதற்கும்’ இதுவே காரணம். 1.6 செ.மீ./வி வேகத்தில் அந்த ஏற்றத்தில் ஊர்ந்தால் மூன்றரை செ.மீ. தாண்டுவதற்குள் நின்றுவிடும். காத்திருந்தால் திரும்பி இடப்பக்கம் இறங்கத் தொடங்கும்.

இரண்டாவது ஓட்டத்தைத் திருத்திப் பார்ப்போம். இழுவை செ.மீ.க்கு 0.011; சாய்வு செ.மீ.க்கு 0.35 ÷ வேகம். கேட் 1-லிருந்து 25 செ.மீ.க்குள் அ 0.43 இழக்கும்: மோதும் கணத்தில் 56.4. பின் வேகத்தை 10.2 அகலம் வைத்துக் கணக்கிட்டால் 27.7, 30 செ.மீ. கடந்ததில் இழந்தது 0.70, ஆக மோதிய உடனே 28.4. (வண்டி இரண்டானதால் இழுவை இரட்டிப்பு, நிறையும் இரட்டிப்பு, செ.மீ. கணக்கு மாறாது.) முன் உந்தம் 206.4 × 56.4 = 11641, பின் 411.2 × 28.4 = 11678. வித்தியாசம் 0.3%. உங்கள் டைமரின் 1 மில்லிவினாடியே முன் வேகத்தில் 0.6% பிழை தரும் என்பதால் இதைவிடச் சிறப்பாக எதிர்பார்க்கவும் கூடாது. சேர்ந்து ஓடும்போது வேகம் பாதி, சாய்வின் தாக்கம் சதவீதத்தில் நான்கு மடங்கு. அதனால்தான் இந்த ஓட்டத்தில் அதிகம் ‘குறைந்தது’. முதல் ஓட்டத்தை இதே முறையில் நீங்களே செய்து பாருங்கள், 1 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

இதற்கெல்லாம் பிறகு டிராக்கை மட்டம் செய்து ஓட்டங்களைத் திரும்ப எடுப்பதே நல்லது. பழைய எண்களைத் திருத்திய கணக்கு ரெக்கார்டில் ‘பிழை ஆய்வு’ பகுதிக்குப் போகட்டும்.

---

ஊசல்விதி:

பாலிஸ்டிக் ஊசலில் இரண்டு கட்டம், இரண்டு விதி, நடுவே சுவர். குண்டு பிடிப்பானுக்குள் நுழைந்து நிற்கும் சில மில்லிவினாடிகளில் உந்தம் மட்டும். இயக்க ஆற்றலை அங்கே தொடாதீர்கள். ஒட்டிய பின் மேலேறும்போது ஆற்றல் மட்டும். உந்தத்தை அங்கே தொடாதீர்கள், புவியீர்ப்பும் தாங்கு அச்சும் புறவிசைகள்.

ஒரு கணக்கு: குண்டு 65 கிராம், ஊசல் 245 கிராம், நிறை மையம்வரை நீளம் 30 செ.மீ., எழுந்த கோணம் 35 டிகிரி. ஏறிய உயரம் 5.43 செ.மீ., ஆகவே ஒட்டிய உடனே வேகம் 103 செ.மீ./வி. உந்தத்தால் பின்னோக்கிப் போனால் குண்டின் வேகம் 103 × 310 ÷ 65, சுமார் 4.9 மீ/வி. தொடக்கத்திலிருந்தே ஆற்றல் அழிவின்மை போட்டால் 2.25 மீ/வி வரும், பாதிக்கும் குறைவு. நுழையும்போது இயக்க ஆற்றலில் 21% மட்டுமே மிஞ்சுகிறது.

கெட்டித் தண்டில் தொங்கும் ஊசலில் இன்னொரு சிக்கல். மோதும்போது அச்சும் கிடைத்திசையில் விசை தரக்கூடும், அப்போது நேர்க்கோட்டு உந்தம் கண்டிப்பாகக் காக்கப்படாது. அச்சைப் பொறுத்த கோண உந்தம்தான் காக்கப்படும், ஏனென்றால் அச்சு விசைக்கு அங்கே திருப்புத்திறன் இல்லை. நிலைமத் திருப்புத்திறனைத் தனியாக அளக்க வேண்டாம். குண்டை உள்ளே வைத்துச் சிறிய வீச்சில் ஆட்டி அலைவு நேரத்தை எடுங்கள், 20 அலைவுகளுக்கு. குண்டின் வேகம் = மொத்த நிறை × 980 × நிறை மையத் தூரம் × அலைவு நேரம் × பாதிக் கோணத்தின் சைன், இதை பை × குண்டு நிறை × அச்சிலிருந்து குண்டு படும் தூரம் என்பதால் வகுக்க வேண்டும். புள்ளி நிறை என்று எடுத்த எளிய கணக்கைவிட இது நம்பகமானது.

இந்தக் கருவியை அமைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர், 1742-ல் வெளியிட்டார்; ஊசலின் அடியில் கட்டிய ரிப்பன் இழுபட்ட நீளத்தால் ஆட்டத்தை அளந்து துப்பாக்கிக் குண்டின் வேகத்தைக் கண்டார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைப் பணிக்கு வந்து, 1751-ல் நம் கடலூர் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையிலேயே இறந்தார். பாடநூல்கள் இதைச் சொல்வதில்லை.

கோணம் காட்டும் முள்ளும் ஊசலை இழுக்கும். முதல் முறை சுட்டு எவ்வளவு எழுகிறது என்று பாருங்கள், உதாரணமாக 35 டிகிரி. முள்ளை 33-ல் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி சுடுங்கள். ஊசல் கடைசி இரண்டு டிகிரிக்கு மட்டும் முள்ளைத் தள்ளும், அந்த வாசிப்பைத்தான் எழுத வேண்டும்.